பதினேழாம் முள்

வியாழக்கிழமைதோறும் அதே சுண்டெலியிடம் போகிறேன்.
அதன் மண்டையோட்டில்
பொட்டளவு ஒரு கண்ணாடி ஜன்னல்.
மயங்கிக் கிடக்கையிலும் மீசை மட்டும்
ஏசிக் காற்றில் ஆடும்.
ஒன் நார்த்தில் ஆறாம் மாடி. இருட்டறை. லேசர்.
கதவுக்கு வெளியே, உள்ளே கொண்டுவரக்கூடாத
என் கோப்பி ஓ
ஆறிக்கொண்டிருக்கும்.

முதலில் ரத்தக்குழாய்களைத் தேடவேண்டும், வழிக்காக.
இரண்டாய்ப் பிரிந்து, ஒன்று மட்டும் வளைந்து
முழங்கை மடித்தாற்போல் ஓர் இடம்.
அங்கே இடப்பக்கம் திரும்பினால்
போன வாரம் விட்டுவந்த அதே நரம்பிழை,
அதன்மேல் முட்கள்.

முள் என்றுதான் சொல்கிறோம்.
ரோஜாவில் இருப்பதும் முள், தொண்டையில் சிக்குவதும் முள்,
கடிகாரத்தில் நகர்வதும் முள்.
இது, இன்னொரு செல்லைத்
தொட்டும் தொடாமலும் நிற்கிற முள்.

எண்ணுவது என் வேலை.
இருக்கிறது, இல்லை, புதிது:
மூன்றே சொல்லில் ஓர் எக்செல் தாள்.
எலி கம்பி இடுக்கில் கைவிட்டுத்
தினை எடுக்கப் பழகிய வாரம்
ஒன்பது புதிது.
அடுத்த வாரம் அதில் ஆறு இல்லை.
பிறகு இன்னும் இரண்டு.
பதினேழாம் எண் மட்டும்
பெருத்து, கொஞ்சம் சிறுத்து, மறுபடி பெருத்து
ஐந்து மாதமாய் அங்கேயே.

"அதேதான்னு எப்படிச் சொல்ற?" என்றாள் ஹுவி ஷான்.
நியாயமான கேள்வி.
உள்ளே இருக்கும் புரதமெல்லாம் சில நாளில் கழன்று
வேறு வந்து உட்கார்ந்துவிடும்.
எழுபத்துநாலாம் பஸ் மாதிரி என்றேன்:
ஓட்டுநர் வேறு, வண்டி வேறு, பயணிகள் வேறு,
கை நீட்டினால் எழுபத்துநாலு நிற்கிறது.
"நேத்து நிக்காமப் போச்சே" என்றாள்.

செப்டம்பரில் எனக்குக் காய்ச்சல்.
பலதுறை மருந்தகத்திலிருந்து டாக்ஸி.
போஸ்டல் கோடு கேட்டார் ஓட்டுநர்,
வாய் முந்திக்கொண்டு ஆறு எண் சொன்னது.
கண் திறந்தபோது தங்ளின் ஹால்ட்.
நீலத் தகரத் தடுப்பு. உள்ளே ஓர் இயந்திரம்
ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக்
குத்திக்கொண்டிருந்தது.
எங்கள் புளோக் நின்ற இடத்தில்,
எட்டாம் மாடியில் நான் தலைவைத்துப் படுத்த உயரத்தில்
ஒரு மைனா
எதையும் சுற்றிப்போகாமல் நேராகப் பறந்தது.
"இங்கதானா, மிஸ்?"

அழவெல்லாம் இல்லை. முப்பத்தெட்டு புள்ளி நாலு.
ஒன்றுதான் தோன்றியது:
அந்த முனையில் யாருமில்லை,
இந்த முனை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது.
புது வீட்டு எண்ணை
இன்றைக்கும் ஃபோனில் பார்த்துத்தான் சொல்கிறேன்.
வங்கி ரகசிய எண் மூன்று முறை தப்பாகி
பூட்டிக்கொண்டது.
எது தங்கும் என்று
என்னை யாரும் கேட்கவில்லை.

தினைத் தட்டை எடுத்து மூன்று மாதம் ஆகிறது.
பதினேழுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

நேற்று கடைசிப் படம்.
இனி நடக்கப்போவதற்குத் தனிப் படிவம் உண்டு,
அதில் என் கையெழுத்தும் உண்டு.
கடைசி வரிசையில் 'இருக்கிறது' என்று தட்டினேன்.
எலி கண் விழிக்க அரைமணி ஆயிற்று.
திட்டத்தில் இல்லாத ஒன்று செய்தேன்:
தினைத் தட்டை இடுக்குக்கு வெளியே வைத்தேன்.
முகர்ந்தது. திரும்பி உட்கார்ந்தது. காதைச் சொறிந்தது.
சரி, அவ்வளவுதான் என்று தட்டை எடுக்கப்போகையில்
வலது கை வெளியே வந்தது,
ஐந்து மாதத்துக்கு முன் வந்த அதே கோணத்தில்.
இரண்டு மணி கீழே சிந்திற்று.
துடைத்தேன்.
ஹுவி ஷானிடம் சொல்லவில்லை.

வெளியே மழை விட்டிருந்தது.
நிறுத்தத்தில் நான் ஒருத்திதான்.
தூரத்தில் எண் தெரியாத ஒரு பஸ்ஸின் விளக்கு.
யோசிக்கும் முன்பே
கை நீண்டிருந்தது.